கேட்ட குரலும் பாடிய குரலும்

(செங்கல்பட்டில் இசை பயிலும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இளம் பாடகருக்கு ஒரு முன்மாதிரி தேவையா என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தேவை, தேவையில்லை என்று இரண்டு அணி பிரித்துப் பேசும் வேலையைப் பட்டிமன்றக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன். பாட வருகிற எந்தப் பிள்ளையும் யாரோ ஒருவருடைய குரலில் மயங்கித்தான் வருகிறது. மயங்காமல் வந்தவர்கள் பெரும்பாலும் அம்மா அப்பா இழுத்து வந்தவர்கள். ஆகவே கேள்வி அதுவல்ல. மயங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. அதைச் சொல்ல எனக்கு ஒரு பையனின் கதை தெரியும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பையனின் குரல் நன்றாகத் தெரியும். 1988-இல் தூர்தர்ஷனில் 'மிலே சுர் மேரா துமாரா' என்று ஒரு பாட்டு ஓயாமல் ஓடியது. தமிழ் வரிகளைப் பாலமுரளிகிருஷ்ணா பாடுவார். அந்தப் பாட்டை முதலில் எடுத்துக் கொடுக்கும் அகன்ற, கனத்த குரல் பீம்சேன் ஜோஷியுடையது. புரந்தரதாசரின் 'பாக்யத லக்ஷ்மி பாரம்மா'வை அவர் பாடிக் கேட்காத வீடு கர்நாடகத்தில் இருக்காது. நம் ஊரிலும் வெள்ளிக்கிழமைகளில் அது ஒலிக்கும் வீடுகள் உண்டு.

1922-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி, வடகர்நாடகத்தில் கதக் பக்கம் பிறந்தவர். அப்பா குருராஜ் ஜோஷி பள்ளி ஆசிரியர். வீட்டில் மொத்தம் பதினாறு பிள்ளைகள், இவர் மூத்தவர். பையனுக்குப் பாட்டுச் சத்தம் கேட்டால் போதும், கால் நிற்காது. பஜனைக் கோஷ்டி போனால் அதன் பின்னால் போவான். பேண்டு வாத்தியம் போனால் அதன் பின்னாலும் போவான். போன இடத்திலேயே அலுத்துப்போய்த் தூங்கிவிடுவான். தேடித் தேடிச் சலித்த அப்பா, பையனின் சட்டையில் 'ஜோஷி வாத்தியார் மகன்' என்று எழுதி வைத்துவிட்டாராம். யார் கண்ணில் பட்டாலும் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கட்டும் என்றுதான். இன்று நாம் பிள்ளையின் பையில் தொலைபேசி எண் எழுதுகிறோமே, அதேதான்.

அந்தப் பையன் ஒரு நாள் ஒரு கடையில் ஓடிய கிராமபோனில் அப்துல் கரீம் கான் பாடிய தும்ரியைக் கேட்டான். ஜிஞ்ஜோட்டி ராகத்தில் 'பியா பின் நஹி ஆவத் சைன்'. இப்படிப் பாட வேண்டும், இல்லாவிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்று அங்கேயே பிடித்துக்கொண்டது. 1933-இல், பதினோரு வயதில், வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். சோற்றுக்கு இன்னொரு கரண்டி நெய் கேட்டதில் வீட்டில் சண்டை, அந்தக் கோபத்தில் கிளம்பினான் என்று சொல்வார்கள். நெய் ஒரு சாக்குதான் என்பது என் எண்ணம். பெற்றோர் யாரும் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பிள்ளைகள் யாரும் இதைக் கேட்டுத் தைரியமும் அடைய வேண்டாம்.

அந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? ஜிஞ்ஜோட்டி நமக்கு அந்நியம் இல்லை. நம் செஞ்சுருட்டிக்கு நெருங்கிய உறவு. காவடிச் சிந்து கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ராகத்தின் ஏக்கம் உடனே பிடிபடும். கான் சாகிபின் குரல் மெலிந்தது, உயரமான சுருதியில் நிற்பது. மூக்கும் தொண்டையும் சேர்ந்து இழைக்கிற மாதிரி ஒரு நாதம். ஆண் குரலா பெண் குரலா என்று ஒரு கணம் சந்தேகம் வரும். சொற்கள் கரைந்து போய்விடும், ஸ்வரம் மட்டும் மிஞ்சும். ஒரு ஸ்வரத்தில் போய் நின்றால் அவசரமே இல்லாமல் நிற்பார். ஆனால் அவர் கையில் இருந்த நேரமோ மூன்று நிமிடம், கூடப் போனால் மூன்றரை. அந்தக் கால அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் இடம்.

இந்த மூன்று நிமிடக் கணக்கை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்துல் கரீம் கான் கிரானா மரபுக்காரர். உத்தரப் பிரதேசத்தில் கைரானா என்ற ஊர், அதுதான் மரபின் பெயரும். அவர்களுடைய சிறப்பு விளம்பம். ராகத்தை ஒவ்வொரு ஸ்வரமாகத் திறந்துகொண்டு போவார்கள். மந்திர ஸ்தாயியில் தொடங்கி மேல் ஷட்ஜத்தைத் தொட அரை மணி நேரம் ஆனாலும் கவலைப்பட மாட்டார்கள். அப்படிப்பட்ட சங்கீதத்தை மூன்று நிமிடத் தட்டில் எப்படி அடைப்பது? அடைக்க முடியாது. அந்தப் பையன் கேட்டது கான் சாகிபின் சங்கீதத்தை அல்ல, அதன் வாசலை. உள்ளே போக வேண்டுமானால் ஆள் வேண்டும். தட்டைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால் அதே மூன்று நிமிடம்தான் திரும்பி வரும். பதினோரு வயதில் அவனுக்கு இது எப்படியோ புரிந்திருக்கிறது. அதனால்தான் கடை வாசலில் நின்று அந்தப் பாட்டை நெட்டுருப் போட்டுத் திருப்தி அடையாமல், குருவைத் தேடிப் புறப்பட்டான்.

தேடிய தேடல் கொஞ்சமல்ல. தார்வார், பிஜாப்பூர், புணே. அங்கிருந்து ரயிலில் உடன் வந்தவர்கள் கொடுத்த காசில் குவாலியர். டிக்கெட் இல்லாமல் ஏறுவதும், பிடித்தால் பரிசோதகருக்கே பாடிக் காட்டுவதும் வழக்கமாயிருந்தது என்பார்கள். குவாலியரில் சரோத் வித்வான் ஹாபிஸ் அலி கான், நம் அம்ஜத் அலி கானின் தகப்பனார், கைகொடுத்து மாதவ இசைப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அங்கும் தங்கவில்லை. கல்கத்தாவில் பஹாடி சன்யால் என்ற நடிகர் வீட்டில் எடுபிடி வேலை. பல வருடங்களுக்குப் பிறகு பீம்சேன் புகழோடு கல்கத்தாவில் பாடியபோது, தம் வீட்டில் வேலை செய்த பையன்தான் இவர் என்று சன்யாலுக்குத் தெரியவில்லையாம், இவரே சொல்ல வேண்டியிருந்ததாம். பிறகு லக்னோ, ராம்பூர் என்று சுற்றி, கடைசியில் ஜலந்தர். அங்கே மங்கத் ராம் என்ற பார்வையற்ற துருபத் பாடகரிடம் கொஞ்ச காலம்.

ஜலந்தரில் ஆண்டுதோறும் ஹரிவல்லப் இசை விழா நடக்கும், இன்றும் நடக்கிறது. அதற்குப் பாட வந்த விநாயக்ராவ் பட்வர்தன் இந்தக் கன்னடப் பையனைப் பார்த்துக் கேட்டார்: இவ்வளவு தூரம் ஏனப்பா வந்தாய், உன் ஊர்ப் பக்கத்திலேயே சவாய் கந்தர்வா இருக்கிறாரே?

சவாய் கந்தர்வா என்று பெயர் பெற்ற ராம்பாவ், அப்துல் கரீம் கானின் நேர்ச் சீடர். அவர் ஊர் ஹூப்ளிக்குப் பக்கத்தில் குந்த்கோல். கதக்கிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. எந்தக் குரலைத் தேடிப் பையன் பஞ்சாப் வரை போனானோ, அந்தக் குரலின் வாரிசு பக்கத்து ஊரில் உட்கார்ந்திருந்தார். கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த அலைச்சல் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று வருடங்களில் வட இந்தியாவின் பலவகைப் பாட்டும் காதில் விழுந்திருக்கிறது. பின்னால் அது எங்கே வேலை செய்தது என்பதைச் சொல்கிறேன்.

தேடி வந்த அப்பா பையனை ஜலந்தரில் கண்டுபிடித்து அழைத்துப் போனார். அப்பா அடித்தாரா திட்டினாரா என்பதைவிட முக்கியமான விஷயம், 1936-இல் பையன் குந்த்கோலில் சீடனாகச் சேர்ந்தான். சட்டையில் பெயர் எழுதிய அதே அப்பாதான், இவன் இனி வேறு எதற்கும் ஆகமாட்டான் என்பதை ஒப்புக்கொண்டவரும். இந்தக் கதையில் அவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. போட்டிருக்க வேண்டும்.

குருகுலம் என்றதும் நம் சினிமாக்களில் காட்டுகிற மாதிரி முதல் நாளே பாடம் தொடங்காது. தண்ணீர் சுமக்க வேண்டும், வீட்டு வேலை செய்ய வேண்டும். இந்த வேலை வாங்குவதில் ஒரு மகத்துவம் இருப்பதாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குடம் சுமந்தால் குரல் வராது. ஆனால் அந்த வீட்டில் இருந்தபடியால் காலையிலிருந்து இரவு வரை சங்கீதம் காதில் விழுந்துகொண்டே இருந்தது, அதுதான் லாபம்.

சவாய் கந்தர்வா அந்தப் பையனுக்கு முக்கியமாகக் கற்றுக்கொடுத்தவை மூன்று ராகங்கள். காலையில் தோடி, பிற்பகலில் முல்தானி, மாலையில் பூரியா. வருடக்கணக்கில் இந்த மூன்றுதான் என்று சொல்வார்கள். இன்று ஆறு மாதத்தில் அறுபது உருப்படி பாடம் ஆகவில்லையென்றால் ஆசிரியரை மாற்றிவிடுகிறோம். அதனால் இந்த மூன்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இந்துஸ்தானித் தோடி நம் தோடி அல்ல. அதன் ஸ்வரங்கள் நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்கள். முல்தானியின் ஸ்வரங்கள்? அவையும் அதேதான். ஹார்மோனியத்தில் ஒரே ஏழு கட்டைகள். ஆனால் முல்தானியில் ஏறும்போது ரிஷபத்தையும் தைவதத்தையும் தொடமாட்டார்கள், நிற்கும் இடம் வேறு, காந்தாரத்தைப் பிடிக்கும் விதம் வேறு. தோடி பாடத் தெரிந்தவன் முல்தானி பாடுகையில் ஓர் இடத்தில் அசந்தால் தோடிக்குள் விழுந்துவிடுவான். பூரியாவும் அப்படித்தான், நம் ஹம்ஸானந்திக்கு உறவு, பஞ்சமம் கிடையாது. அதே ஸ்வரங்களில் மார்வா ஒரு பக்கம், சோஹனி ஒரு பக்கம் நின்று இழுக்கும். அந்த இழுப்புக்குப் போகாமல் பூரியாவிலேயே நிற்கத் தெரிய வேண்டும்.

குரு ஏன் இந்த மூன்றைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் யோசித்ததுண்டு. கிரானாக்காரர்களுக்குப் பிடித்த ராகங்கள் என்பது ஒரு காரணம். எனக்குத் தோன்றுகிற இன்னொரு காரணம், ஸ்வரத்தைப் பிடித்துவிட்டால் ராகத்தைப் பிடித்துவிட்டோம் என்ற நினைப்பை இந்த மூன்றும் உடைத்துவிடும். கிராமபோனைக் கேட்டுப் பாட்டுக் கற்ற பையனுக்கு முதலில் உடைய வேண்டியது அந்த நினைப்புத்தான். தட்டில் கேட்டதை அப்படியே திருப்பிப் பாடுகிறவனிடம் ஸ்வரங்கள் எல்லாம் இருக்கும். நடை இருக்காது. அந்த ஸ்வரத்தில் ஏன் நின்றார், அடுத்ததை ஏன் தாண்டினார் என்று கேட்டால் பதில் இருக்காது.

இனி அந்தப் பக்கத்து மற்றப் பிள்ளைகளைப் பார்ப்போம். பீம்சேன் தனி அதிசயமல்ல. தார்வார், ஹூப்ளி, பெல்காம் வட்டாரத்தில் ஒரு தலைமுறையே கான் சாகிபின் குரலில் மயங்கிக் கிடந்தது.

கங்குபாய் ஹங்கல் 1913-இல் தார்வாரில் பிறந்தவர். அம்மா அம்பாபாய் நல்ல கர்நாடக சங்கீதப் பாடகி. அவர் பாட்டைக் கேட்க அப்துல் கரீம் கானே வீட்டுக்கு வந்ததுண்டு. சின்னப் பெண் கங்கு, தெருவில் கிராமபோன் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்து அப்படியே பாடிக் காட்டுவாள். மகளுக்கு இந்துஸ்தானியில் மனம் போகிறது என்று தெரிந்ததும், தன் பாட்டு அவள் காதைக் கலைத்துவிடக் கூடாதென்று அம்மா வீட்டில் பாடுவதையே நிறுத்திக்கொண்டாராம். அந்த அம்மாவைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். கங்குபாய் பின்னால் ஹூப்ளியிலிருந்து ரயிலேறி குந்த்கோல் போய் சவாய் கந்தர்வாவிடமே கற்றார். தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் குரல் தடித்து, ஆண் குரல் போல ஆகிவிட்டது. கான் சாகிபின் மெல்லிய குரலுக்கு நேர் எதிர். அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் கிரானா விளம்பத்தின் மிக உயர்ந்த பாடகர்களில் ஒருவரானார்.

ஃபிரோஸ் தஸ்தூர் அந்தப் பக்கத்தவர் அல்ல, பம்பாய்ப் பார்சி. சிறுவயதில் சினிமாவில் நடித்துப் பாடியவர். அவரும் சவாய் கந்தர்வாவின் சீடர். ஆனால் அவர் மனம் கான் சாகிபின் குரலை விட்டு அகலவில்லை. அதே மென்மை, அதே இழைப்பு. கான் சாகிப் பாடிப் புகழ்பெற்ற 'கோபாலா மேரி கருணா'வை தஸ்தூர் பாடக் கேட்க ஜனங்கள் காத்திருப்பார்கள். பின்னாளில் குருவின் பெயரில் புணேயில் நடந்த விழாவில் அவர் மேடை ஏறினால் அந்தப் பாட்டு வேண்டும் என்று குரல் வந்துவிடும்.

குமார் கந்தர்வா, 1924-இல் பெல்காம் பக்கத்துச் சுளேபாவியில் பிறந்தவர். இயற்பெயர் சிவபுத்திரன். இந்தக் குழந்தை ஓர் அற்புதம். ஏழெட்டு வயதில், தட்டில் கேட்ட வித்வான் எவரானாலும் அப்படியே பாடிக் காட்டுவான். அப்துல் கரீம் கான் வேண்டுமா, கான் சாகிப். ஃபையாஸ் கான் வேண்டுமா, ஃபையாஸ் கான். மூச்சு விடும் இடம்கூடப் பிசகாது. ஊர் ஊராக மேடை ஏற்றினார்கள். பதினோரு வயதில் அவனை பம்பாயில் பி. ஆர். தேவ்தரிடம் கொண்டுபோய் விட்டார்கள். திருப்பிப் பாடுகிற வித்தையிலிருந்து சொந்தச் சங்கீதத்துக்கு அந்தப் பையன் வந்து சேர்ந்த வழி நீண்டது. இளம் வயதில் காசநோய் வந்து, பல வருடம் பாடவே கூடாதென்று படுக்கையில் கிடந்து, தேவாஸ் ஊரில் மால்வா நாட்டுப்பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுந்தபோது அவர் பாடியது உலகத்தில் வேறு யாருடைய பாட்டும் இல்லை.

ஒரே குரலில் மயங்கிய நால்வர். தஸ்தூர் அந்தக் குரலுக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டார். குமார் அதை முற்றிலும் விட்டு வெளியேறினார். கங்குபாய்க்குக் குரலே வேறாக அமைந்துவிட்டதால் போலி செய்ய வழியில்லாமல் போயிற்று. பீம்சேன்?

அவர் நால்வரிலும் வித்தியாசமானவர். அவர் குரல் மார்பிலிருந்து வருவது. ஏறினால் கூரை அதிரும். கான் சாகிப் தட்டில் தான்கள் வழுக்கிக்கொண்டு போகும், பீம்சேனின் தான் இடி உருளுகிற மாதிரி வரும். கைகள் காற்றில் எதையோ பிடித்து இழுக்கும், உடம்பு முழுவதும் பாடும். மேடையில் அந்த உடம்பைப் பார்த்தவர்கள், அவர் பாடவில்லை, மல்யுத்தம் செய்கிறார் என்று கேலி செய்ததுண்டு. காதை மட்டும் வைத்துக் கேட்டால் இவருக்கும் அப்துல் கரீம் கானுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும். ஆனால் அவர் முல்தானியில் விளம்பக் கியால் தொடங்கட்டும், நிஷாதத்திலிருந்து ஷட்ஜத்துக்கு வந்து சேரட்டும். ஸ்வரத்தின் நடுப்புள்ளியில் போய் நிற்கும் அந்த நிலை யாருடையது என்று தெரிந்துவிடும். குரலை எடுத்துக்கொள்ளவில்லை. சுருதியின் மேல் கான் சாகிப் வைத்த பக்தியை எடுத்துக்கொண்டார்.

மற்றதை வேறு இடங்களிலிருந்து எடுத்தார், எடுத்ததை மறைக்கவும் இல்லை. கேசர்பாய் கேர்க்கரின் தான்களும் அமீர் கானின் நிதானமும் அவர் பாட்டில் கலந்திருப்பதை விஷயம் தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். பதினோரு வயதில் வீண் அலைச்சல் போலத் தோன்றியதே, அந்த அலைச்சலில் திறந்த காது பின்னால் மூடவே இல்லை.

இவ்வளவு பேர் மயங்கிய அப்துல் கரீம் கான், தாமே ஒரு ரசிகர். இது பலருக்குத் தெரியாது. குவாலியர் மரபில் ஹத்து கானின் மகன் ரஹ்மத் கான் என்று ஒரு பாடகர் இருந்தார். புல்லாங்குழல் போன்ற குரல் என்பார்கள். மனம் பேதலித்து, போதைப் பழக்கத்தில் அலைந்துகொண்டிருந்தவரை விஷ்ணுபந்த் சத்ரே ஆதரித்துக் காப்பாற்றினார். இந்த சத்ரே யார் தெரியுமா? இந்தியாவில் சர்க்கஸ் கம்பெனி நடத்தியவர்களில் முன்னோடி. ஹத்து கானிடம் பாட்டுக் கற்றுக்கொண்டவர், குருவின் மகன் என்பதால் ரஹ்மத் கானைக் கூடவே வைத்துக்கொண்டார். அந்த மகாவித்வான் சர்க்கஸ் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார், கச்சேரியும் செய்தார். அவர் பாட்டைக் கேட்டுத்தான் அப்துல் கரீம் கான் தம் பாணியையே மாற்றிக்கொண்டார் என்று இசை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கதக் பையனைக் கடை வாசலில் நிறுத்திய அந்த மென்மைக்குப் பின்னால் ரஹ்மத் கான் நிற்கிறார்.

கான் சாகிபுக்கு நம் சங்கீதத்தின் மேலும் ஆசை இருந்தது. மைசூர் அரண்மனைக்குப் பலமுறை வந்து பாடினார், நம் வித்வான்களைக் கேட்டார். கல்பனா ஸ்வரத்தில் மனம் போயிற்று. இந்துஸ்தானியில் ஸர்கம் பாடுவதை அவர் வளர்த்ததற்கு இங்கே கேட்டது ஒரு காரணம். தியாகராஜரின் கரஹரப்ரியா கிருதி 'ராம நீ ஸமானமெவரு'வை அவர் இசைத்தட்டில் பாடியிருக்கிறார். உச்சரிப்பு நம் காதுக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். கரஹரப்ரியா வேடிக்கையாக இருக்காது.

1937 அக்டோபரில் அவர் சென்னையில் பாடிவிட்டு, அரவிந்தர் ஆசிரமத்தில் பாடப் புதுச்சேரிக்கு ரயிலில் புறப்பட்டார். வழியில் மார்பு வலி. இறங்கிவிட்டார். இறங்கிய இடம், நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊருக்கு முன்னால், சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையம். நடைமேடையில் படுக்கையை விரித்து, தம்புராவைச் சுருதி கூட்டச் சொல்லி, தர்பாரியில் இறைவனைப் பாடியபடியே உயிர் விட்டார் என்று சீடர்கள் வழியாகச் செய்தி வந்திருக்கிறது. தேதி அக்டோபர் 27. உடலை மராட்டியத்தின் மீரஜுக்குக் கொண்டுபோய் அங்கே தர்காவில் அடக்கம் செய்தார்கள். அப்போது குந்த்கோலில் பீம்சேனுக்கு வயது பதினைந்து. தன்னை வீட்டை விட்டுக் கிளப்பிய மனிதரிடம் நேராக ஒரு பாடம்கூடக் கேட்காமலே அந்தக் கணக்கு முடிந்துபோயிற்று.

நம் பக்கத்துக்கும் வருவோம். எம்.எஸ். சிறுமியாக மதுரையில் இருந்தபோது காகிதத்தைச் சுருட்டிக் கிராமபோன் குழாய் மாதிரி வைத்துக்கொண்டு பாடிப் பார்ப்பாராம். ஜி.என்.பி.யின் பிருகாக்கள் நாகஸ்வரத்தில், குறிப்பாக ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில், மயங்கிய காதிலிருந்து வந்தவை. வாத்தியத்தில் மயங்கியவர் வாய்ப்பாட்டில் அதைக் கொண்டுவரும்போது போலி செய்ய முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். அவர் சீடர் எம்.எல். வசந்தகுமாரி குருவின் வேகத்தைப் பெண் குரலுக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டார். அதே ஜி.என்.பி.யை அப்படியே பாடிக் காட்டியவர்கள் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லை.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் ஒரு பாராட்டைக் கேட்கிறேன்: 'கண்ணை மூடிக்கிட்டா அச்சு அசல் அவரே பாடின மாதிரி இருக்கு.' குழந்தை பூரித்துப்போகிறது, அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், அரங்கம் கை தட்டுகிறது. பத்து வயதுக் குழந்தைக்கு இந்தப் பாராட்டைச் சொல்லலாம். குழந்தை அப்படித்தான் கற்கும். குமார் கந்தர்வாவும் அப்படித்தான் தொடங்கினார். இருபது வயதுக்காரருக்கு அதையே பாராட்டாகச் சொல்வது அநியாயம். அசல் இருக்கும்போது நகலை யார் கேட்பார்கள்? அதுவும் இன்று, அசல் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது.

கைபேசியை நான் குறை சொல்ல வரவில்லை. கதக் பையனுக்கு மூன்று நிமிடம் கிடைத்தது, உங்களுக்கு மூவாயிரம் மணி நேரம் கிடைக்கிறது. இது பாக்கியம். ஆனால் மூன்று நிமிடம் கிடைத்தவனுக்குப் பசி அடங்கவில்லை, வெளியே போனான். மூவாயிரம் மணி நேரம் கிடைக்கிறவருக்குப் பசி எடுப்பதற்கு முன்பே வயிறு நிறைந்துவிடுகிறது. எனக்குக் கவலை அங்கேதான்.

பீம்சேன் 1941-இல் முதல் மேடை ஏறினார். 1946-இல் புணேயில், குருவின் அறுபதாம் ஆண்டு விழாவில் அவர் பாடிய பாட்டுத்தான் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1952-இல் சவாய் கந்தர்வா மறைந்தார். மறு ஆண்டே குருவின் பெயரில் புணேயில் ஒரு விழாவைத் தொடங்கினார் பீம்சேன். பல்லாண்டுகள் அதை அவரே முன்னின்று நடத்தினார். புதியவர்களை மேடை ஏற்றினார். நாட்டின் மிகப்பெரிய இந்துஸ்தானி இசை விழாக்களில் ஒன்றாக அது வளர்ந்துவிட்டது. 2008-இல் பாரத ரத்னா அறிவித்தார்கள், 2011 ஜனவரி 24-இல் காலமானார்.

முன்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் அப்துல் கரீம் கானின் ஜிஞ்ஜோட்டி தும்ரியைத் தேடிக் கேளுங்கள். பழைய தட்டு, இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தஸ்தூரின் 'கோபாலா'. அதற்குப் பிறகு கங்குபாய் எந்த ராகம் பாடியதானாலும் சரி. கடைசியில் பீம்சேனின் முல்தானி, பாதியில் நிறுத்தாமல். நான்கையும் இந்த வரிசையில் கேட்டுவிட்டு, உங்களுக்குப் பிடித்த பாடகர் யாரோ அவருடைய பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நாளைக்கு உங்கள் ஆசிரியரிடம் போங்கள். அந்தப் பாட்டைப் பாடிக் காட்ட வேண்டாம். இந்த இடத்தில் இவர் ஏன் நின்றார் என்று கேளுங்கள். ஆசிரியர்களே, பிள்ளை அப்படிக் கேட்டால் பாடத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.